எண்ணச்சுழலும் மனப்பிறழ்வும்: எல்லைக்கோடு எங்கே?

வேண்டாத எண்ணம் ஒன்று மனத்துக்குள் புகுந்துகொண்டு போக மறுக்கிறது. பொய்யான ஒன்றை ஒருவர் மெய்யென்று நம்புகிறார். யார் சொன்னாலும் அந்த நம்பிக்கை அசைவதில்லை. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு படிகளா, தொடர்பில்லாத இரு நோய்களா என்ற கேள்விக்கு மனநல மருத்துவத்தின் வயதே ஆகிறது. முதலாவது, ஓசிடி என்று பரவலாகச் சொல்லப்படும் எண்ணச்சுழல் நோயின் அடையாளம். இரண்டாவது, பிறழ்நம்பிக்கை; மாயக்குரல், சிந்தனைச் சிதறல் ஆகியவற்றோடு சேர்ந்து சைக்கோசிஸ் என்னும் மனப்பிறழ்வின் கூறாக வருவது.

பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த விடை எளிமையானது. எண்ணச்சுழல் உள்ளவருக்குத் தன் எண்ணம் அர்த்தமற்றது என்று தெரியும். மனப்பிறழ்வு உள்ளவருக்குத் தெரியாது. தேர்வில் எழுத இது போதும். நோயாளியின் எதிரில் அமரும்போது பல வேளைகளில் போதுவதில்லை. பிழை எந்தப் பக்கம் நேர்ந்தாலும் விலை உண்டு. எண்ணச்சுழல் உள்ளவரை மனப்பிறழ்வு என்று முடிவு கட்டினால், அவருக்குப் பயன்தரக்கூடிய சிகிச்சை தள்ளிப்போகிறது. அவர் அஞ்சிக்கொண்டிருந்த பெயரே அவர்மேல் ஒட்டப்படுகிறது. மனப்பிறழ்வின் தொடக்கத்தை வெறும் எண்ணச்சுழல் என்று விட்டுவிட்டால், சிகிச்சைக்கு மிக ஏற்ற முதல் மாதங்கள் வீணாகின்றன. போதாக்குறைக்கு, ‘எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ’ என்ற அச்சமே எண்ணச்சுழலின் வழக்கமான வடிவங்களில் ஒன்று. அவ்வச்சம் உள்ளவர் அறிகுறிப் பட்டியல்களைத் தேடித் தேடிப் படித்துத் தன்னைச் சோதித்துக்கொள்வார். அந்தச் சோதனையே கட்டாயச் செயலாகிவிடும்.

பழைய விடைகள்

மருத்துவம் இந்த எண்ணங்களைக் கவனிக்கும் முன்பே சமயம் கவனித்தது. ஆங்கிலப் போதகர் ஜான் பன்யன் 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடும்படி தன்னை ஓயாமல் தூண்டிய எண்ணத்தோடு பட்ட பாட்டை விரிவாக எழுதினார். அதே நூற்றாண்டின் இறுதியில் பேராயர் ஜான் மூர், வழிபாட்டின்போது இறைநிந்தனை எண்ணங்கள் வந்து வாட்டுவதைப் பற்றி இங்கிலாந்து அரசியின் முன் பிரசங்கம் செய்தார். எண்ணம் தன்னுடையதா, சாத்தானுடையதா என்பதே அன்றைய கேள்வி. பிற்காலத்தில் மருத்துவர்கள் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டார்கள்.

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட நூலில் 34 வயதுப் பெண் ஒருத்தியின் வரலாறு வருகிறது. வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அத்தை வீட்டிலிருந்து புறப்படும்போது தன்னையறியாமல் எதையாவது எடுத்து வந்துவிட்டோமோ என்பதில் அவளுடைய அச்சம் தொடங்கியது. கணக்கில் பிழை விட்டுப் பிறருக்கு நட்டம் உண்டாக்குவோமோ என்று வளர்ந்தது. விலைமதிப்புள்ள ஏதோ ஒன்று விரல்களில் ஒட்டியிருக்குமோ என்று கைகளைத் தேய்ப்பதில் போய் நின்றது. இது அபத்தம் என்று அவளுக்கே தெரியும். அப்படியிருந்தும் எஸ்கிரோல் அதைப் பகுதிப் பித்து என்ற பிரிவில்தான் வைத்தார். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருக்கும் மனம் ஒரே விஷயத்தில் மட்டும் பிறழ்ந்திருப்பதாக அவர் கருதினார்.

பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் 1877-இல் கோட்டை வேறிடத்தில் போட்டார். அறிவு குலையாத ஒருவரின் மனத்தில், அவர் விருப்பத்துக்கு மாறாக, உணர்ச்சிக் கொந்தளிப்பு எதுவும் காரணமாக இல்லாமல் எழுந்து, விரட்டினாலும் போகாத எண்ணம். அதை அவரே அயலானது என்று உணர்கிறார். இன்றைய வரையறைகளின் கரு இதுதான். இதே வெஸ்ட்பால் இந்நோயைக் ‘கருவிலேயே நின்றுபோன பித்து’ என்றும் அழைத்தார். பிரித்துக் காட்டியவரே முழுதாகப் பிரிக்கவில்லை. அவர் கையாண்ட ஜெர்மன் சொல் லண்டனில் எண்ணத்தைக் குறிக்கும் சொல்லாகவும் நியூயார்க்கில் செயலைக் குறிக்கும் சொல்லாகவும் மொழிபெயர்க்கப்பட்டது. இரண்டையும் இணைத்துப் பிறந்ததே ‘அப்செசிவ்-கம்பல்சிவ்’ என்ற இன்றைய இரட்டைப் பெயர் என்பர்.

பிராய்ட் 1896-இல் எழுதிய கட்டுரையில் இரண்டுக்கும் ஒரே வேர் காட்டினார். தன்னையே குற்றஞ்சாட்டும் உணர்வு அடக்கப்படுகிறது. எண்ணச்சுழலில் அது உருமாறித் தன்மீதே திரும்புகிறது. சந்தேகப் பித்தில் வெளியே தள்ளப்பட்டு, பிறர் தன்னைக் குற்றஞ்சாட்டுவதாகத் தோன்றுகிறது. இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் ‘நான் தீங்கு செய்துவிடுவேனோ’, ‘எனக்குத் தீங்கு செய்கிறார்கள்’ என்ற திசை வேறுபாட்டை அது கவனித்தது. இன்றைய மருத்துவர்களும் அந்தத் திசையைப் பார்க்கிறார்கள்.

கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இல் எழுதிய பொது உளநோயியல் நூல் பிறழ்நம்பிக்கைக்கு மூன்று அடையாளங்கள் தந்தது: அசாதாரணமான உறுதி, அனுபவத்தாலும் வாதத்தாலும் அசையாமை, நடக்கவே இயலாத உள்ளடக்கம். இவை புற அடையாளங்கள் மட்டுமே என்று அவரே எச்சரித்தார். அசலான பிறழ்நம்பிக்கை, அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து படிப்படியாகப் பின்தொடர்ந்து புரிந்துகொள்ள முடியாத ஓர் அனுபவ மாற்றத்திலிருந்து பிறக்கிறது என்பது அவர் கருத்து. எண்ணச்சுழலை, அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அச்சத்தின் கிளையாகப் பின்தொடர்ந்து செல்ல முடியும். குறை என்னவென்றால், புரிகிறதா இல்லையா என்பது கேட்பவரின் பொறுமையையும் பழக்கத்தையும் பொறுத்தது. ஒரு மருத்துவருக்குப் புரியாதது இன்னொருவருக்குப் புரியும்.

உள்ளடக்கம் அளவுகோலாகுமா?

எண்ணம் எவ்வளவு கொடூரமானதோ, எவ்வளவு விபரீதமானதோ, அவ்வளவுக்கு நோய் முற்றியது என்பது பொதுமக்கள் கருத்து. மருத்துவர்களிடமும் இது ஒளிந்திருக்கிறது. இந்த அளவுகோலை உடைத்ததில் 1978-இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நடத்தியவர்கள் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டன் உளமருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும். நோய் எதுவும் இல்லாதவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் தங்களுக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். வன்முறை, ஆபாசம், நிந்தனை எல்லாம் அவற்றில் இருந்தன. நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, உள்ளடக்கத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினமாக இருந்தது. எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு துன்புறுத்துகிறது என்பவற்றில்தான் வேறுபாடு தெரிந்தது. வேண்டாத எண்ணங்களைக் கையாள மஜ்ஜிம நிகாயம் என்னும் பௌத்த நூலில் சொல்லப்பட்ட ஐந்து வழிகள் நவீன நடத்தைச் சிகிச்சையின் சில உத்திகளை ஒத்திருப்பதை டி சில்வா பின்னாளில் எடுத்துக்காட்டியது இங்கே நினைக்கத் தக்கது.

2014-இல் ஆடம் ராடோம்ஸ்கியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 13 நாடுகளில் 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் நேர்காணல் நடத்தி, கடந்த மூன்று மாதங்களில் ஓர் ஊடுருவும் எண்ணமாவது வந்ததாக ஏறத்தாழ 94 சதவீதத்தினர் கூறியதாக வெளியிட்டனர். மாணவர்கள் மட்டுமே கொண்ட மாதிரி என்பதால் எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஒரு நொடித் தோற்றத்தையும் மணிக்கணக்கில் வதைக்கும் எண்ணத்தையும் ஒரே பெயரால் அழைப்பது சரியா என்று கேட்போரும் உண்டு. ஆயினும், எண்ணம் வந்ததே நோய்க்குச் சான்று என்ற வாதம் இதற்குப் பிறகு நிற்காது.

உள்ளடக்கத்தை நம்புவதன் ஆபத்து பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. குழந்தையைத் தண்ணீரில் அமுக்கிவிடுவோமோ, மாடியிலிருந்து நழுவவிட்டுவிடுவோமோ என்ற எண்ணங்கள் புதிய தாய்மாருக்கு அரிதல்ல. 2008-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், குழந்தைக்கு வேண்டுமென்றே தீங்கு செய்வது போன்ற எண்ணம் வந்ததாகத் தாய்மாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வோ ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருவது. இரண்டிலும் சொல்லப்படும் வாக்கியம் ஒன்றாகவே இருக்கலாம். எண்ணச்சுழல் உள்ள தாய் அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறாள்; கத்தியை ஒளித்து வைக்கிறாள்; குழந்தையோடு தனியே இருக்க மறுக்கிறாள். மனப்பிறழ்வில் அந்த நடுக்கம் காணாமல் போகலாம். குழந்தைக்குள் தீய சக்தி புகுந்திருக்கிறது, அல்லது சாவுதான் அதைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை தோன்றலாம். உறக்கமின்மை, குழப்பம், விரைந்து மாறும் மனநிலை ஆகியவை உடன் வரலாம். இது உண்மையான அவசரநிலை. முன்னதை அவசரநிலையாக நடத்தித் தாயையும் சேயையும் பிரிப்பது நோயை வளர்க்கும்.

பயிற்சி பெற்றவர்களும் தவறுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களிடம் எண்ணச்சுழல் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 39 சதவீத விடைகள் பிழையாக இருந்தன. தொற்று, அழுக்கு பற்றிய குறிப்புகளில் பிழை குறைவு. பாலியல் எண்ணங்கள் பற்றியவற்றில் மிக அதிகம். கைகழுவுதல் இல்லாத எண்ணச்சுழலை அடையாளம் காண்பதில் துறைக்கே தடுமாற்றம் இருக்கிறது.

தெளிவு: சுமை தாங்காத தூண்

பாடநூல் விடை முழுவதையும் தாங்கி நின்றது ‘தெளிவு’ என்ற கருத்து. அதாவது, தன் எண்ணம் மிகையானது, நோயின் விளைவு என்று நோயாளியே உணர்வது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-களில் இதை ஏறத்தாழக் கட்டாய நிபந்தனையாக வைத்திருந்தது. அதைச் சோதித்தவர்கள் எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும். 1995-இல் வெளியான அவர்களது களஆய்வில், தாங்கள் அஞ்சும் விளைவு நிச்சயம் நேரும் என்று முழு உறுதியோடு சொன்னவர்கள் 4 சதவீதம். நேரவே நேராது என்று உறுதியாகச் சொன்னவர்களும் சிறுபான்மையினரே. பெரும்பான்மையினர் இடையில் பரவிக் கிடந்தார்கள். தெளிவு உண்டு, இல்லை என்ற இரு பெட்டிகளில் அடைக்க முடியாத தொடர்ச்சி அது.

கையேடுகள் படிப்படியாக வழிவிட்டன. 1994 பதிப்பில் ‘தெளிவு குறைந்த’ வகை சேர்ந்தது. 2013 பதிப்பில் எண்ணச்சுழல் நோய் பதற்ற நோய்களின் வரிசையிலிருந்து வெளியே வந்து தனி அத்தியாயம் பெற்றதோடு, தெளிவு சற்றும் இல்லாத, பிறழ்நம்பிக்கை அளவுக்குப் போன வகையும் ஏற்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலின் 11-ஆம் பதிப்பும் இவ்வழியே சென்றது. இதன் விளைவு சிறியதல்ல. வீட்டுக் கதவின் கைப்பிடியில் உயிர்கொல்லி நஞ்சு இருக்கிறது என்று ஐயமே இல்லாமல் நம்பி நாள் முழுவதும் கழுவுகிறவருக்கும் இன்று எண்ணச்சுழல் நோய் என்றே பெயரிடலாம். மனப்பிறழ்வு என்று கூடுதல் பெயர் தேவையில்லை. மதில் இருந்த இடத்தில் மருத்துவமே வாசல் திறந்துவிட்டது.

தெளிவு என்பது ஒரே பொருளும் அல்ல. நினைப்பது நடக்குமா, இது நோயா, பிறர் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒருவர் மூன்று விதமாக விடை சொல்லலாம். 1998-இல் ஜேன் ஐசனும் உடனிருந்தோரும் உருவாக்கிய பிரவுன் நம்பிக்கை மதிப்பீட்டு அளவுகோல் இவற்றைத் தனித்தனியே அளக்க முயன்றது. இடமும் நேரமும் வேறு சேர்ந்துகொள்கின்றன. மருத்துவரின் அறையில் ‘தெரியும், அர்த்தமில்லைதான்’ என்று சிரிப்பவர், இரவு பதினொரு மணிக்குக் குழாயடியில் நிற்கும்போது அப்படிச் சொல்லமாட்டார்.

பண்பாட்டின் பங்கும் உண்டு. சுற்றத்தார் எல்லோரும் பகிரும் நம்பிக்கை பிறழ்நம்பிக்கையாகாது என்பது வரையறையிலேயே இருக்கிறது. செய்வினை, கண்ணேறு போன்றவற்றை ஊரே நம்பும் இடத்தில், ‘யாரோ வைத்துவிட்டார்கள்’ என்பதை மட்டும் கொண்டு மனப்பிறழ்வு என்று சொல்வது பிழை. அதே நம்பிக்கையை அந்த ஊராரே விநோதமாகக் கருதும் அளவுக்கு ஒருவர் கொண்டுபோனால் கணக்கு வேறு. மடி, தீட்டு பார்க்கும் வீட்டில் எத்தனை முறை குளிப்பது மிகை என்பதையும் அந்த வீட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். அங்கே பாட்டியின் முகச்சுளிப்பு நல்ல அளவுகோல். ஆசாரம் தெரிந்தவரே ‘இது ஆசாரம் இல்லை’ என்று சொல்லும் இடத்தில் நோய் தொடங்கியிருக்கக்கூடும்.

எண்ணச்சுழலுக்கும் பிறழ்நம்பிக்கைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றை 1892-இல் கார்ல் வெர்னிக்கே வைத்தார்: மிகைமதிப்பேறிய கருத்து. அபத்தமல்ல, ஆனால் வாழ்க்கை முழுவதையும் விழுங்குவது. அதை வைத்திருப்பவர் அதை எதிர்ப்பதில்லை, தன்னுடையதாகவே பேணுகிறார். தன் மூக்கு விகாரமாக இருக்கிறது என்று கண்ணாடியை விட்டு அகலாதவரின் நிலை இதற்கு அருகில் வரும். கருத்து பயனுள்ளது, எல்லை தெளிவற்றது. ஓர் எல்லையில் இருந்த சிக்கலை இது இரண்டு எல்லைகளுக்குப் பெருக்கியது என்று குறை சொல்வோரைப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

போராட்டம்

ஆப்ரி லூயிஸ் 1936-இல் வேறு வழி காட்டினார். எண்ணம் அர்த்தமற்றது என்று உணர்வது இன்றியமையாததல்ல. அதோடு போராட வேண்டும் என்ற உந்துதலே எண்ணச்சுழலின் உயிர் என்றார். நோய் புதிதாக வந்தவர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவர்கள் போராடிக் களைத்து, கழுவுதல், சோதித்தல் போன்ற கட்டாயச் சடங்கைச் செய்து முடிப்பதே எளிது என்று விட்டுவிடுகிறார்கள். 1978-இல் ஸ்டெர்னும் காப்பும் வெளியிட்ட ஆய்வில் எதிர்ப்பே இல்லாத, அல்லது மிகக் குறைவாக இருந்த நோயாளிகள் கணிசமாக இருந்தார்கள். மாயக்குரலோடு முழு மூச்சாகப் போராடும் மனப்பிறழ்வு நோயாளிகளும் இருக்கிறார்கள்.

எண்ணம் யாருடையது?

மனப்பிறழ்வு நோய்களில் ஒன்றான, ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்குக் கூர்ட் ஷ்னைடர் வகுத்த முதல்நிலை அறிகுறிகளில், பிறருடைய எண்ணம் தன் மனத்துக்குள் திணிக்கப்படுவதாக உணர்வதும் ஒன்று. எண்ணச்சுழல் உள்ளவரும் எண்ணத்தை அயலானதாக உணர்கிறார். இரண்டு அயன்மையும் ஒன்றல்ல. எண்ணச்சுழலில் எண்ணம் தன் இயல்புக்கு அயல். பிறந்த இடம் தன் மனம்தான். ‘என் மனத்தில் போய் இப்படி வருகிறதே’ என்ற அவமானமே அதற்குச் சான்று. திணிக்கப்பட்ட எண்ணத்துக்கு வெளியே ஓர் உரிமையாளர் இருக்கிறார்: பக்கத்து வீட்டுக்காரர், ஏதோ ஒரு கருவி, அரசு. அங்கே அவமானத்துக்குப் பதில் அத்துமீறப்பட்ட உணர்வு வருகிறது.

தமிழில் பேசும் நோயாளியிடம் இந்த வேறுபாடு ஒரு சிறு சொல்லில் தங்கியிருப்பது உண்டு. ‘யாரோ உள்ளே இருந்து சொல்வது போல இருக்கிறது’ என்பதற்கும் ‘யாரோ சொல்கிறார்கள்’ என்பதற்கும் நடுவே நிற்பது ‘போல’. கேட்பவர் அவசரத்தில் அதை விட்டுவிட்டுக் குறிப்பேட்டில் ‘குரல் கேட்கிறது’ என்று எழுதினால் நோயே மாறிப்போகும். ஆனால் இச்சொல்லை முழுவதும் நம்பவும் முடியாது. மனப்பிறழ்வின் முதற்கட்டத்தில் அனுபவம் இன்னும் உறையாதபோது அந்நோயாளியும் ‘போல’ என்றுதான் சொல்வார். சமயப் பின்னணி உள்ளவர் தன் நிந்தனை எண்ணத்தைச் சாத்தானின் வேலை என்று சொன்னால், அது நோய்க்குறியா, அவர் கற்ற மொழியா என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கும். எண்ணச்சுழல் எண்ணங்களும் வெறும் சொல்லாக மட்டும் இருப்பதில்லை. காட்சியாக, தோலில் ஊறும் உணர்வாக, ஒலியாக வருவதாகக் கணிசமான நோயாளிகள் கூறுவதை ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸின் குழு பதிவு செய்திருக்கிறது. ஆகவே புலனுணர்வின் சாயல் இருந்தாலே மாயப்புலனுணர்வு என்று முடிவு கட்ட இயலாது.

ஐயத்தின் நோயும் உறுதியின் நோயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர்கள் எண்ணச்சுழலை ‘ஐயப் பித்து’ என்று அழைத்தார்கள். லெக்ராண்ட் து சோல் 1875-இல் அப்பெயரிலேயே நூல் எழுதினார். பழைய பெயர்களில் இதுவே இலக்கை மிக நெருங்கியது எனலாம். எண்ணச்சுழல் உள்ளவர் பெரும்பாலும் தவறான ஒன்றை நம்புவதில்லை. சரியான ஒன்றை நம்ப முடியாமல் தவிக்கிறார். கதவைப் பூட்டியதைக் கண்ணால் பார்த்தவர் மீண்டும் போய்ப் பார்க்கிறார். பிறழ்நம்பிக்கை உள்ளவருக்கு ஒரு தெருவிளக்கு மினுங்கினால் போதும், செய்தி வந்துவிட்டது.

இதற்கு ஒரு சோதனை வடிவமும் உண்டு. இரண்டு ஜாடிகள், ஒன்றில் 85 மணிகள் ஒரு நிறம், 15 மற்றொரு நிறம், இன்னொன்றில் தலைகீழ். எந்த ஜாடியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மறைத்து ஒவ்வொரு மணியாகக் காட்டி, உறுதியானதும் சொல்லச் சொல்வார்கள். 1988-இல் ஹக், காரட்டி, ஹெம்ஸ்லி மூவரும் இம்முறையைக் கையாண்டு, பிறழ்நம்பிக்கை உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மணிகளோடு முடிவுக்குத் தாவுவதைக் கண்டார்கள். இது பின்னர் பலமுறை உறுதிப்பட்டது. எண்ணச்சுழல் உள்ளவர்கள் மிகுதியான மணிகளைக் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு சில ஆய்வுகளில் நிறைவேறியது, பலவற்றில் நிறைவேறவில்லை. படம் அழகாகப் பாதிதான் பொருந்துகிறது.

எண்ணம் ஏன் ஐயமாகக் கெட்டிப்படுகிறது என்பதற்கு 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் தந்த விளக்கம் செல்வாக்குப் பெற்றது. வந்த எண்ணமல்ல, அதற்குத் தரப்படும் பொருளே நோயை உண்டாக்குகிறது: ‘இது என் மனத்தில் வந்ததால், தடுக்க வேண்டிய பொறுப்பும் என்னுடையது.’ நினைப்பதே செய்வதற்குச் சமம், நினைத்தாலே நடந்துவிடும் என்ற இணைப்பை ராக்மனின் குழு 1990-களில் அளக்கத் தொடங்கியது. இந்த இணைப்பு மந்திர நம்பிக்கைக்குப் பக்கத்தில் நிற்பது; மனப்பிறழ்வு உள்ளவர்களிடமும் காணப்படுவது. பிரிக்க வந்த கருவியே இரு பக்கமும் பொருந்துகிறது.

மாண்ட்ரியலில் கீரோன் ஓ’கானரும் ஃபிரெடெரிக் ஆர்டெமாவும் வளர்த்த நிலைப்பாடு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. எண்ணச்சுழல் தானாக ஊடுருவும் எண்ணத்தில் தொடங்குவதில்லை. அது ஒரு தவறான முடிவேற்பு என்கிறார்கள். கண் முன் இருக்கும் சான்றை ஒதுக்கிவிட்டு, ‘இருக்கக்கூடும்’ என்பதை ‘இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும் தர்க்கப் பிழை. இப்படிப் பார்த்தால் எண்ணச்சுழல், பதற்ற நோய்களைவிடப் பிறழ்நம்பிக்கைக்கு நெருங்கிய உறவாகிறது. தெளிவு குறைந்த நோயாளிகளை இது நன்றாக விளக்குகிறது. காரணமே சொல்ல முடியாமல், ‘சரியாக அமையவில்லை’ என்ற உணர்வு தீரும்வரை பொருள்களை அடுக்கிக்கொண்டிருப்பவரை அவ்வளவு நன்றாக விளக்கவில்லை.

இருவரும் ஒருவரே ஆகும்போது

இதுவரை சொன்னவை இரு நோய்களும் தனித்தனி ஆள்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டவை. நடப்பு அப்படியில்லை. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கு எண்ணச்சுழல் நோயும், அதைவிட அதிகமானோருக்கு அதன் சில அறிகுறிகளும் இருப்பதைத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. பொதுமக்களிடம் எண்ணச்சுழல் நோய் வாழ்நாளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் காணப்படுவதில்லை. இவ்விணைப்பைத் தனி நோயாகவே கருத வேண்டும் என்போர் உள்ளனர். கையேடுகள் இதுவரை ஏற்கவில்லை.

மருந்தும் குழப்பத்தைக் கூட்டுகிறது. மற்ற மருந்துகளுக்கு வசப்படாத மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசபின், சிலரிடம் எண்ணச்சுழலைப் புதிதாக உண்டாக்குவதோ இருப்பதைத் தீவிரப்படுத்துவதோ 1990-களின் தொடக்கத்திலிருந்து பதிவாகி வருகிறது. குரல்கள் அடங்கிய பிறகு ஒருவர் பூட்டைத் திரும்பத் திரும்பச் சோதிக்கத் தொடங்கினால், அது நோய் திரும்புவதன் அடையாளமாகத் தெரியும். மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். முந்தையதாக எடுத்துக்கொண்டு மருந்தளவைக் கூட்டினால் சோதிப்பதும் கூடக்கூடும்.

ஒன்று மற்றொன்றாக மாறுமா என்பதே நோயாளிகளை மிகவும் வாட்டும் கேள்வி. எண்ணச்சுழல் மனச்சிதைவிலிருந்து காக்கும் அரண் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எர்வின் ஸ்டெங்கல் போன்றோரிடம் இருந்தது. பிற்காலச் சான்றுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. டென்மார்க்கில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, முன்பு எண்ணச்சுழல் நோய் கண்டறியப்பட்டவர்களுக்குப் பின்னர் மனச்சிதைவு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்றது. இந்த எண் தனியே நின்றால் பயமுறுத்தும். மனச்சிதைவு அரிதான நோய் என்பதால் 7 மடங்கான பிறகும் எண்ணச்சுழல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. மனச்சிதைவு வந்தவர்களில் முன்பு எண்ணச்சுழல் நோய் பதிவானவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. பதிவேட்டில் ஏறுவோர் மனநல மருத்துவமனையை அணுகும் அளவுக்குக் கடுமையான நோய் உள்ளவர்கள். அவர்களில் சிலருக்கு முதல் நோயறிதலே மனச்சிதைவின் முன்னோட்டத்தைத் தவறாகப் படித்ததாக இருக்கக்கூடும். மாற்றமா, ஒரே மரபுவேரா, பெயரிடுவதில் பிழையா என்பதைப் பதிவேடுகளால் மட்டும் சொல்ல முடியாது.

நடைமுறையில் மருத்துவர்கள் எண்ணத்தை விட்டுவிட்டு அதன் சுற்றுப்புறத்தைப் பார்க்கிறார்கள். பேச்சு கோவை குலைகிறதா, படிப்பும் வேலையும் காரணம் புரியாமல் சரிகின்றனவா, நண்பர்களிடமிருந்து விலகல் வருகிறதா, சந்தேகம் பிறர்மீது திரும்புகிறதா, உணர்ச்சி மழுங்குகிறதா. இவை மனப்பிறழ்வின் பக்கம் சாய்ப்பவை. அச்சமும் குற்றவுணர்வும் முழு வீச்சில் இருப்பது, ஆறுதல் கேட்டுக் கேட்டுக் களைப்பது, செய்த சடங்கு ஒரு கணம் நிம்மதி தந்து மீண்டும் தொடங்குவது ஆகியவை எண்ணச்சுழலின் பக்கம் சாய்ப்பவை. ஒரு நாள் நேர்காணலைவிட ஆறுமாதப் பின்தொடர்தல் கூடுதலாகச் சொல்லும்.

சிகிச்சை சொல்லும் சாட்சி

எந்த மருந்து கேட்கிறது என்பதை வைத்து நோயைத் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் கவர்ச்சியானது. எண்ணச்சுழலுக்கு முதல் வரிசையில் நிற்பவை செரட்டோனின் சார்ந்த மருந்துகளும், 1966-இல் விக்டர் மேயர் தொடங்கிவைத்த, அஞ்சுவதை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் பயிற்சியும். மனப்பிறழ்வுக்கு டோபமைனைத் தடுக்கும் மருந்துகள். இந்தப் பிரிவினையும் கறாரானதல்ல. முதல் மருந்துக்கு வசப்படாத எண்ணச்சுழலில் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்ற மனப்பிறழ்வு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்க்கும்போது மூன்றில் ஒருவர் அளவுக்கு முன்னேற்றம் காண்கிறார்கள். மறுபுறம், பிறழ்நம்பிக்கை அளவுக்குப் போன எண்ணச்சுழல் நோயாளிகள் சிலர் எதிர்கொள்ளும் பயிற்சியாலேயே தேறியதை ஓ’ட்வயரும் ஐசக் மார்க்ஸும் 2000-இல் விவரித்தார்கள். தெளிவு இல்லை என்பதற்காக ஒருவருக்கு இப்பயிற்சியை மறுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல காரணம். நோயாளிகள் ஐந்து பேர் மட்டுமே என்பதால் பொது விதியாக நீட்டவும் முடியாது.

மூளைப் படங்களோ இரத்தப் பரிசோதனையோ தனி ஒருவரிடம் இவ்விரண்டையும் இன்று பிரித்துக் காட்டுவதில்லை. குழுக்களுக்கிடையே சராசரி வேறுபாடுகள் தெரிகின்றன. எதிரில் இருப்பவர் சராசரி அல்ல.

எஞ்சும் கேள்விகள்

உள்ளடக்கம் அளவுகோலாகாது என்பது இன்று பெரும்பாலும் முடிந்த விவகாரம். தெளிவு தேவையான கேள்வி, ஆனால் தீர்ப்பு சொல்லும் தகுதி அதற்கில்லை என்பதும் ஏறத்தாழ அப்படியே. எண்ணத்தின் உரிமை, ஐயத்தின் இயல்பு, அச்சத்தின் திசை, காலப்போக்கு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது பெரும்பாலான நோயாளிகளிடம் பிரிப்பது இயலுகிறது. சிக்கல் எஞ்சுவது ஓரத்தில்.

உறுதி முழுமையடைந்த எண்ணச்சுழல், அதன் வேரில் இன்னும் ஐயத்தின் நோய்தானா? சடங்கு தொடர்வதால் ஆம் என்கிறது ஒரு தரப்பு. உண்மையில் உறுதி இருந்தால் திரும்பத் திரும்பச் சோதிக்கத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். சடங்கு பழக்கத்தால் மட்டுமே தொடர முடியும், அதைக் கொண்டு நம்பிக்கையின் இயல்பை ஊகிக்க முடியாது என்கிறது மறுதரப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை இன்னும் அமையவில்லை. பதின்வயதினர் நிலை இதைவிடக் கடினம். அந்த வயதில் தெளிவு இயல்பாகவே முழுமையடைந்திருப்பதில்லை. எண்ணச்சுழல் தொடங்கும் வயதும் மனப்பிறழ்வின் முன்னோட்டம் தெரியும் வயதும் ஒன்றோடொன்று உரசுகின்றன. பதினாறு வயதில் கண்ணாடி முன் உறைந்து நிற்கும் ஒருவர் எந்தப் பாதையில் இருக்கிறார் என்பதை அந்த வயதிலேயே சொல்லிவிடக்கூடிய அடையாளம் எதுவும் இதுவரை உறுதிப்படவில்லை. பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளே அதைக் கண்டறியக்கூடும்.